எம்.எல்.ஏ. மூலம் சட்டமன்றத்தில் கேள்வி: ஆஸ்பத்திரி, காடு விஷயமாக அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்குத் தென்மேற்கே, வாசலில் நின்றால் மலை தெரிகிற ஓர் ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் மனு எழுதித் தரச் சொல்வார்கள். பட்டா, முதியோர் பென்ஷன் இரண்டையும் விட்டுவிட்டால் அதிகம் வருவது ஆஸ்பத்திரி விஷயமும் காட்டு விஷயமும்தான். மலையடிவாரத்தில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டே இருக்கும். "இத எம்.எல்.ஏ.கிட்டச் சொல்லி சட்டசபையில கேக்க வைக்கலாமாண்ணே?" என்பதுதான் வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி. வைக்கலாம். ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

மனு கொடுத்தால் போதாதா? சட்டசபையில் கேட்பதில் அப்படி என்ன இருக்கிறது?

மனு கீழிருந்து மேலே ஏறப் பார்க்கும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுத்தால் ரசீது தருவார்கள். அப்புறம் அது ஒவ்வொரு ஆபீஸாக இறங்கி, பல நேரம் யார்மேல் குறை சொன்னோமோ அவர் மேஜைக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். அவரும் "மனு பரிசீலிக்கப்பட்டது" என்று எழுதிவிடுவார்.

சட்டமன்றக் கேள்வி மேலிருந்து கீழே வரும். பேரவைச் செயலகம் துறைச் செயலருக்கு அனுப்பும், அவர் இயக்குநருக்கு, இயக்குநர் மாவட்டத்துக்கு. நாளைக்கு அமைச்சர் அவையில் எழுந்து நின்று படிக்கப்போகிற பதில். தப்புக் கணக்குப் போனால் அவையின் உரிமை மீறல் என்று கிளப்பிவிடுவார்கள் என்ற பயம் எல்லா மட்டத்திலும் இருக்கும். "சட்டசபைக் கேள்வி வந்திருக்கு" என்று ஒரு போன் வந்துவிட்டால் சாயங்காலம் ஏழு மணிக்கும் அந்த ஆபீஸில் லைட் எரியும். பல வருஷமாகத் தூசி படிந்து கிடந்த ஸ்டாக் ரிஜிஸ்டரை அன்றைக்குத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். அந்த ஒன்றுக்காகவே கேள்வி கேட்கலாம்.

எம்.எல்.ஏ.விடம் போவதா, எம்.பி.யிடம் போவதா?

பொது சுகாதாரமும் ஆஸ்பத்திரியும் அரசமைப்புச் சட்டப்படி மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா ஆஸ்பத்திரி, மருந்து, நர்ஸ் எல்லாம் எம்.எல்.ஏ. கேட்க வேண்டியவை. காடு அப்படியில்லை. முதலில் அதுவும் மாநிலத்துக்குத்தான் இருந்தது. 1976-ல் கொண்டுவந்த 42-ஆவது திருத்தத்தில் காட்டையும் வனவிலங்குப் பாதுகாப்பையும் பொதுப் பட்டியலுக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் காட்டு விஷயத்தை எம்.எல்.ஏ.வும் கேட்கலாம், எம்.பி.யும் கேட்கலாம். காட்டு நிலத்தை வேறு வேலைக்கு எடுப்பது, புலிகள் காப்பகம் போன்றவற்றில் டெல்லியின் கை இருப்பதால் எம்.பி. கேட்டால்தான் பிடி கிடைக்கும்.

சரி, உங்கள் எம்.பி. யார்? சிரிக்காதீர்கள், இதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். மதுரை மாவட்டத்தில் பத்து சட்டமன்றத் தொகுதிகள். அதில் மேலூரும் மதுரை கிழக்கும், நகரத்தின் வடக்கு, தெற்கு, மத்தி, மேற்குத் தொகுதிகளும்தான் மதுரை நாடாளுமன்றத் தொகுதி. திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் விருதுநகரோடு சேர்ந்தவை. சோழவந்தானும் உசிலம்பட்டியும் தேனியோடு. பேரையூர் வட்டத்து ஊர்கள் திருமங்கலம், உசிலம்பட்டி என்று பிரிந்து கிடப்பதால் ஒரே தாலுகாவுக்கு இரண்டு எம்.எல்.ஏ., இரண்டு எம்.பி. அந்த இரண்டு எம்.பி.யில் ஒருவரும் மதுரை எம்.பி. கிடையாது! தெரியாமல் மதுரை எம்.பி. ஆபீஸில் போய் மணிக்கணக்கில் உட்கார்ந்துவிட்டு வந்தவர்கள் உண்டு.

எந்தத் துறை என்று நாங்கள் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? அது எம்.எல்.ஏ. வேலைதானே?

அவர் வேலைதான். ஆனால் தப்பான துறைக்குப் போன கேள்வி "இப்பொருள் இத்துறையைச் சார்ந்ததன்று" என்ற ஒரே வரியோடு திரும்பிவிடும், அத்தோடு அந்தக் கூட்டத்தொடரும் போய்விடும். அதனால் நாமே பார்த்துக் கொடுப்பது நல்லது. பாதி வேலை இதில்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரி என்றால் மூன்று விதம். நாம் பெரியாஸ்பத்திரி என்கிற மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது, அது மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் வரும். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் மாதிரி ஊர்களின் ஜி.எச். மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககம். ஊர்ப்பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமும் கிராம சுகாதார நர்ஸும் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்து இயக்ககம். மூன்றுக்கும் அமைச்சர் ஒருவரே, ஆனால் கணக்குப் புத்தகம் மூன்று. நகருக்குள் இருக்கும் நகர்ப்புற நிலையங்களில் மாநகராட்சியும் வரும். மருந்து வாங்கி அனுப்புவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். "ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை" என்று மொட்டையாக எழுதினால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

காட்டில் இன்னும் சிக்கல். மரம் இருக்கிற இடமெல்லாம் வனத்துறை இடம் கிடையாது. காப்புக்காடு என்றால் வனத்துறை. மலைப் புறம்போக்கு என்றால் வருவாய்த் துறை. மலைமேல் கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறை. கல்குவாரி என்றால் கனிமவளம். கண்மாய் என்றால் அதிலும் ஒரு பிரிவு: 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது அந்தத் தண்ணீரில் பாயும் நிலம், இருந்தால் நீர்வளத் துறை (நாம் இன்னும் பொதுப்பணித்துறைக் கண்மாய் என்றுதான் சொல்கிறோம்), அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். கண்மாய்க்குள் மரம் நட்டது வனத்துறையின் சமூகக் காடுகள் பிரிவாகவும் இருக்கலாம். வி.ஏ.ஓ.விடம் சர்வே எண்ணைக் கேட்டு, ஊர் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் அந்த நிலம் என்னவென்று இருக்கிறது எனப் பார்த்துவிட்டு வாருங்கள். ஐந்து நிமிஷ வேலை, வி.ஏ.ஓ. சீட்டில் இருந்தால்.

கேள்வியை எப்படி எழுதுவது? ஒரு மாதிரி காட்டுங்கள்.

நடந்ததையே சொல்கிறேன். ஊர், ஆஸ்பத்திரி பெயரெல்லாம் வேண்டாம்.

போன சில வருஷங்களுக்குள் ஒரு நாள், காலையில் கடை திறக்கும்போதே ஒரு தம்பி வந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் தூக்கமே இல்லை. "மதினியப் பாம்பு கடிச்சிருச்சுண்ணே. பெரியாஸ்பத்திரியில இருக்கு. பொழச்சிருச்சு. ஆனா நம்ம பக்கத்து ஆஸ்பத்திரில ஒரு நாதியில்ல. இந்த அரசாங்கம் என்ன பண்ணுதுன்னு நல்லாச் சூடா எழுதுங்க, எம்.எல்.ஏ.கிட்டக் குடுக்கணும்."

சூடாக எழுதலாம், அதனால் ஒன்றும் ஆகாது என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடித்தது எத்தனை மணிக்கு? ராத்திரி இரண்டு இருக்கும். தரையில் பாய் போட்டுப் படுத்திருந்த மதினிக்கு எறும்பு கடித்த மாதிரிதான் இருந்ததாம். கட்டுவிரியன் கடி அப்படித்தான், வலி பெரிதாக இருக்காது, கண் இமை தொங்க ஆரம்பித்த பிறகுதான் தெரியும். பக்கத்து நிலையத்துக்குப் போனது? பைக்கில் நடுவே உட்காரவைத்து, மூன்று மணிக்குள். யார் இருந்தார்கள்? ஒரு நர்ஸ். என்ன சொன்னார்? "டாக்டர் காலையிலதான் வருவாரு, மருந்து ரெண்டு பாட்டில்தான் இருக்கு, போட்டாலும் பத்தாது, மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க." 108 வந்தது? மூன்றரை. மருந்து ஏறியது? ஐந்துக்கு மேல்.

"மருந்து ரெண்டு பாட்டில்" என்ற இடத்தில்தான் கேள்வி இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். பாம்புக்கடிக்கு நச்சுமுறிவு மருந்து ஒன்று இரண்டு குப்பியாகப் போடுவதில்லை. விஷம் ஏறியது உறுதி என்றால் ஆரம்பத்திலேயே எட்டு முதல் பத்துக் குப்பி போட வேண்டும். அப்படியானால் இரண்டு குப்பியை வைத்துக்கொண்டு "மருந்து இருப்பில் உள்ளது" என்று சட்டசபையில் பதில் சொன்னால் அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அந்த இடுக்கை அடைக்கிற மாதிரி எழுத வேண்டும். இப்படி எழுதினோம்:

மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை அமைச்சர் அவர்கள் கீழ்க்கண்டவற்றைத் தெரிவிப்பாரா:
(அ) ……… வட்டத்தில் இரவிலும் மருத்துவர் பணியில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் எவை;
(ஆ) அந்த வட்டத்தின் ஒவ்வொரு நிலையத்திலும் பாம்புக்கடி நச்சுமுறிவு மருந்து எத்தனை குப்பிகள் இருப்பு வைக்கப்படுகின்றன;
(இ) கடந்த மூன்று ஆண்டுகளில் பாம்புக்கடிக்கு முதலுதவி மட்டும் அளித்து வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்;
(ஈ) மலையடிவார ஊர்களுக்கு அருகிலுள்ள ஒரு நிலையத்தையாவது 24 மணி நேரமும் மருத்துவர் இருக்கும் நிலையமாக மாற்ற அரசு முன்வருமா?

தம்பி படித்துப் பார்த்துவிட்டு, "கோவமே இல்லையேண்ணே இதுல" என்றார். கோபம் இல்லைதான். ஆனால் (ஈ) மட்டும் இருந்தால் "அத்தகைய கருத்துரு ஏதும் அரசின் பரிசீலனையில் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். (அ), (ஆ), (இ) மூன்றுக்கும் எண்ணைத்தான் சொல்லியாக வேண்டும். எண் வந்துவிட்டால் (ஈ)யை நாம் கேட்கவே வேண்டியதில்லை, பதிலைக் கேட்டதும் அவையிலேயே தொடர்ந்து கேட்கிற துணை வினாவில் எம்.எல்.ஏ.வே கேட்டுவிடுவார்.

இப்போது இதே கேள்விக்கு இன்னொரு பலமும் சேர்ந்திருக்கிறது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, 1939-ஆம் வருஷத்துப் பொது சுகாதாரச் சட்டத்தின்கீழ் பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக ஆக்கிவிட்டது. அரசோ தனியாரோ, எந்த ஆஸ்பத்திரியில் பாம்புக்கடி வந்தாலும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகையால் "கணக்கு இல்லை" என்று யாரும் நழுவ முடியாது. அந்த அரசாணையை முதல் வரியில் சுட்டிக்காட்டிவிட்டே கேள்வியை ஆரம்பிக்கலாம்.

அந்தக் கேள்வி அவையில் வாய்மொழியாக வரவில்லை. ஆனால் விவரம் கேட்டுக் கீழே கடிதம் வந்திருக்கிறது. அதன்பிறகு அந்த நிலையத்துக்கு மருந்துப் பெட்டி வந்தது. டாக்டர் ராத்திரி இருப்பது மட்டும் இன்னும் வாரத்தில் சில நாள்தான்.

நட்சத்திரக் கேள்வி என்கிறார்களே, அது என்ன?

நட்சத்திரக் குறி போட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்வார், அதன்மேல் துணை வினா கேட்கலாம். குறி போடாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், துணை வினா கிடையாது. நாடாளுமன்ற மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்வி, 230 சாதாக் கேள்வி. யாருடையது மேலே வரும் என்பது குலுக்கல். பொதுவாகப் பதினைந்து நாளுக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நம் சட்டமன்றத்திலும் கூட்டம் தொடங்குவதற்கு நன்றாக முன்பே கொடுத்தால்தான் வரிசையில் நிற்கும். கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது ஓடிப்போய்க் கொடுப்பது கல்யாணத்தன்று பத்திரிகை வைக்கிற கதை.

2022 ஜனவரி முதல் நம் சட்டமன்றத்தின் வினா விடை நேரத்தை நேரலையாகக் காட்டுகிறார்கள். உங்கள் ஊர்ப் பெயர் அவையில் ஒலிக்கும்போது வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதில் ஒரு கெடுதலும் உண்டு: கேமரா இருப்பதால் கேள்வியை விட்டுவிட்டுத் தலைவருக்கு நன்றி சொல்வதிலேயே சில உறுப்பினர்களுக்கு நேரம் போய்விடுகிறது.

"ஆவன செய்யப்படும்" என்று பதில் வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோமா?

இல்லை. இந்தப் பதில்களுக்கு ஓர் அகராதியே போடலாம். "கருத்துரு ஏதும் பரிசீலனையில் இல்லை" என்றால் இல்லை, அவ்வளவுதான். "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்றால் இந்த வருஷம் இல்லை. "சாத்தியக்கூறு ஆய்வு செய்யப்படும்" என்றால் ஒரு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவார். "இந்த ஆண்டே" என்று வந்தால் மட்டும் கொஞ்சம் நம்பலாம்.

ஆனால் அவையில் அமைச்சர் செய்வேன் என்று சொன்ன எதுவும் காற்றோடு போய்விடுவதில்லை. சட்டமன்றத்தில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. அமைச்சர்கள் அவையில் கொடுத்த வாக்கைப் பட்டியல் போட்டு, நிறைவேறியதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. கட்சி வேறுபாடில்லாமல் எம்.எல்.ஏ.க்கள் இருப்பார்கள், மாவட்டங்களுக்கும் வந்து நேரில் பார்ப்பார்கள். குழு மதுரைக்கு வருகிறது என்று பேப்பரில் சின்னதாக ஒரு செய்தி வரும். அன்றைக்கு அந்தப் பதில் அச்சான தாளை நகல் எடுத்துக்கொண்டு போங்கள். எந்தத் தேதியில், எந்தக் கேள்விக்கு என்ன சொன்னார் என்று காட்டினால் அதிகாரிகள் முகம் மாறுவதைப் பார்க்கலாம். இந்தக் குழுவைப் பற்றி எங்கள் பக்கம் நூறில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை, எனக்கே பத்து வருஷம் மனு எழுதிய பிறகுதான் தெரிந்தது.

மலைக்குடியிருப்புக்கு ரோடு, துணை சுகாதார நிலையம் கேட்டால் "காட்டு நிலம், முடியாது" என்கிறார்கள். அவ்வளவுதானா?

அவ்வளவுதான் இல்லை. ஆஸ்பத்திரித் துறை "வனத்துறை இடம் தரவில்லை" என்னும். வனத்துறை "எங்களிடம் யாரும் முறைப்படி கேட்கவில்லை" என்னும். இரண்டும் உண்மையாகவே இருக்கும், அதுதான் கொடுமை. நடுவில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, 3(2). பள்ளிக்கூடம், மருந்தகம் அல்லது மருத்துவமனை, அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், ரோடு என்று 13 வகை வசதிகளுக்குக் காட்டு நிலத்தை ஒதுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். சாப்டூர் மலைப் பக்கத்துப் பளியர் பழங்குடிக் குடியிருப்பு போன்ற இடங்களுக்கு இதைத்தான் பிடிக்க வேண்டும்.

ஆகவே கேள்வியை இரண்டாக்குங்கள். மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒன்று: இந்தக் குடியிருப்புக்கு துணை சுகாதார நிலையம் கேட்டு வனத்துறைக்குக் கருத்துரு அனுப்பப்பட்டதா, எந்தத் தேதியில்? வனத்துறைக்கு ஒன்று: 3(2)-ன்கீழ் இந்த மாவட்டத்தில் வந்த விண்ணப்பங்கள் எத்தனை, அனுமதித்தவை எத்தனை, நிலுவை எத்தனை? ஒரு துறை சொல்கிற தேதியும் இன்னொரு துறை சொல்கிற எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் யாரிடம் கோப்பு தூங்குகிறது என்று அப்பட்டமாகத் தெரிந்துவிடும். கிராம சபைத் தீர்மானத்தின் நகல் கையில் இல்லாமல் இந்தக் கேள்வியைத் தொடாதீர்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் பகுதி 2021 பிப்ரவரியில் நாட்டின் 51-ஆவது புலிகள் காப்பகமாகிவிட்டது. சாப்டூர் வனச்சரகமும் அதில் சேர்ந்ததுதான். கெடுபிடி கூடும் என்று தெரிந்தே எழுதுங்கள். புலிக்கு எதிராக எழுதுகிற மாதிரி மட்டும் எழுதிவிடாதீர்கள், நியாயமும் அதுவல்ல, நம் வைப்பாற்றுக்கும் வைகைக்கும் தண்ணீர் அந்த மலைக்காட்டிலிருந்துதான் வருகிறது.

காட்டுப்பன்றி மக்காச்சோளத்தை அழிக்கிறது. கேள்வி கேட்டால் பன்றி போய்விடுமா?

போகாது. ஆனால் கேட்டுக் கேட்டுத்தான் கொள்கை மாறியது. பல கட்சி எம்.எல்.ஏ.க்கள் வருஷக்கணக்கில் எழுப்பிய விஷயம் இது. 2025 ஜனவரியில் அரசு ஒரு கணக்குச் சொன்னது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது, ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம், மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினரே சுடலாம். நாமாகச் சுட முடியாது, வெடி வைக்கக் கூடாது, வேலியில் லைன் கரண்டு கொடுக்கவே கூடாது.

அடிவாரத்துக்காரனுக்கு இதில் என்ன லாபம் என்றால், ஒன்றும் இல்லை. ஒரு கிலோமீட்டருக்குள் நிலம் வைத்திருப்பவனுக்குத்தான் பன்றித் தொல்லையே அதிகம். அங்கேதான் அடுத்த கேள்வி: அந்த ஒரு கிலோமீட்டருக்குள் பயிர்ச் சேதத்துக்கு விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர், நிவாரணம் வாங்கியவர்கள் எத்தனை பேர், எத்தனை மாதத்தில்?

அரிட்டாபட்டிக்குத் தீர்மானம் போட்ட மாதிரி எங்கள் மலைக்கும் போடச் சொல்லலாமா?

அரிட்டாபட்டி கதை தனி. மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.42 ஹெக்டேரை 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது, தமிழ்நாட்டில் அதுதான் முதல். வல்லூறு வகைகளும் மற்ற பறவைகளுமாக இருநூற்றைம்பது வகை சொல்கிறார்கள். சமணர் படுக்கையும் குடைவரைக் கோயிலும் அங்கேயே இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தையும் சேர்த்து, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பகுதி என்று சுமார் 5,000 ஏக்கரை ஒன்றிய அரசு ஏலம் விட்டு, 2024 நவம்பரில் ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னது. 2023-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களின் ஏல அதிகாரத்தை டெல்லி தன் கைக்கு எடுத்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் சட்டமன்றக் கேள்வியால் பயனில்லை, ஏனென்றால் பதில் சொல்ல வேண்டியவர் சென்னையில் இல்லை. அதனால்தான் 2024 டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டு ஒன்றிய அரசை வலியுறுத்தியது. நாடாளுமன்றத்திலும் எழுப்பினார்கள். ஆனாலும் தீர்மானத்தாலேயே நடந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை ஜனங்கள் நடந்து வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். டிராக்டர், கைக்குழந்தை, சேலை முந்தானையில் முடிந்த சோற்றுப் பொட்டலம், முன்னும் பின்னும் முடிவே தெரியாத தலைகள். அந்த மாதம் 23-ஆம் தேதி ஏலம் ரத்தானது.

உங்கள் மலைக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். பாரம்பரியத் தலமாக்க வேண்டுமென்றால் தீர்மானம் வேண்டாம். 2002-ஆம் வருஷத்துப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் 37-ஆவது பிரிவின்படி மாநில அரசே அறிவிக்கலாம். உள்ளாட்சியோடு கலந்துபேச வேண்டும். நத்தம் பக்கம் காசம்பட்டிக் கோயில்காட்டை 2025-ல் அப்படித்தான் அறிவித்தார்கள், அதன் பரப்பு ஐந்து ஹெக்டேர்கூட இல்லை. ஆகவே "எங்கள் காடு சின்னது" என்று கூச்சப்பட வேண்டாம்.

சீமைக்கருவேலை?

இதை யாரும் கேட்காத கூட்டத்தொடர் இருக்காது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது, 2022-ல் அந்நியத் தாவரங்களை அகற்ற அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. மரம் கண்மாயில் அப்படியே நிற்கிறது. வெட்டினால் தூரிலிருந்து துளிர்க்கும், நெற்றைத் தின்கிற ஆடு விதையைப் பாதுகாப்பாக அடுத்த ஊருக்குக் கொண்டுபோகும். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். "அகற்றப்படுமா" என்று கேட்காதீர்கள். ஏலம் போன தொகை எவ்வளவு, தூரோடு பிடுங்கிய பரப்பு எவ்வளவு, அந்த இடத்தில் பிறகு என்ன நட்டார்கள் என்று கேளுங்கள்.

எய்ம்ஸ் பற்றி எம்.எல்.ஏ. கேட்கலாமா?

அது ஒன்றிய அரசுத் திட்டம், எம்.பி. கேட்க வேண்டியது. 2015 பட்ஜெட்டில் அறிவிப்பு, 2018-ல் தோப்பூர் என்று முடிவு, 2019 ஜனவரி 27-ல் அடிக்கல், 2022-ல் முதல் 50 மாணவர்கள் ராமநாதபுரத்தில் சேர்ந்து படிக்க ஆரம்பித்தார்கள், கட்டடம் எழும்பத் தொடங்கியது 2024-ல். மாணவன் வந்த பிறகு கட்டடம். தோப்பூர் விருதுநகர் தொகுதியில் வருகிறது என்பதால் மதுரை எம்.பி., விருதுநகர் எம்.பி. இருவரிடமும் கொடுக்கலாம். மாநில அரசு செய்ய வேண்டிய ரோடு, தண்ணீர் மாதிரி விஷயங்களை மட்டும் எம்.எல்.ஏ. கேட்கலாம்.

எங்கள் எம்.எல்.ஏ. எதிர்க்கட்சி. அவர் கேட்டால் மதிப்பார்களா?

எதிர்க்கட்சிக்காரர்தான் நன்றாகக் கேட்பார். ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. என்றால் கேள்வியை விட அமைச்சரின் பி.ஏ.வைப் பிடிப்பதே அவருக்குச் சுலபம். இரண்டு வழியும் வழிதான்.

சட்டசபை நடக்காத மாதங்களில் என்ன செய்வது?

ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்பதுதான் அரசமைப்புச் சட்டம், அதற்குள் எப்போது வேண்டுமானாலும் கூடலாம். காத்திருக்கிற மாதங்களில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டு வையுங்கள். பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் முப்பது நாளில் பதில் வர வேண்டும். அதில் வருகிற எண்ணை வைத்துச் சட்டமன்றக் கேள்வி எழுதினால் எம்.எல்.ஏ.வுக்கும் தைரியம் வரும். இன்னொன்று, பட்ஜெட்டுக்குப் பிறகு ஒவ்வொரு துறைக்கும் மானியக் கோரிக்கை, அதாவது துறைக்கான பணத்துக்கு அவையில் ஒப்புதல் கேட்பது, வரும்போது கொள்கை விளக்கக் குறிப்பு என்று ஒரு புத்தகம் போடுவார்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். வனத்துறையின் புத்தகத்தையும் மக்கள் நல்வாழ்வுத் துறையின் புத்தகத்தையும் நான் தொகுதிப் பெயரைத் தேடித்தேடிப் படிப்பேன். போன வருஷப் புத்தகத்தில் செய்வோம் என்றிருந்தது இந்த வருஷப் புத்தகத்தில் காணாமல் போயிருந்தால், அதுதான் கேள்வி.

எம்.எல்.ஏ.வை எங்கே பிடிப்பது?

அவருடைய தொகுதி அலுவலகத்தில், காலை பத்து மணிக்குள். இரண்டு நகல் கொண்டுபோய் ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தாளுக்கு மேல் வேண்டாம், மேலே துறையின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கட்டும். பத்துப் பேராகப் போனால் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள், இரண்டு பேராகப் போனால் உட்காரச் சொல்வார்கள்.

காதுகுத்து வீட்டில் மட்டும் கொடுக்காதீர்கள். நம் பக்கத்தில் எம்.எல்.ஏ.க்களைச் சுலபமாகப் பார்க்கக் கிடைக்கிற இடம் அதுதான், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஊரில் ஒருவர் அப்படித்தான் மண்டப வாசலில் மனுவைக் கவரில் போட்டுக் கையில் திணித்தார். எம்.எல்.ஏ. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் வந்தவரிடம் கொடுக்க, அவர் மொய் எழுதுகிற மேஜையில் வைத்துவிட்டார். ராத்திரி மொய்க் கணக்குப் பார்க்கும்போது கவரைப் பிரித்த வீட்டுக்காரர் மறுநாள் காலையில் என் கடைக்கு வந்து, "உள்ள பணம் இல்லப்பா, கண்மாய் மடைய அடைக்கச் சொல்லித்தான் எழுதியிருக்கு" என்று அந்தத் தாளை நீட்டினார்.